மில்லுக்குப் போகும் கம்ப்யூட்டருக்கு ஒயர் கட்டும் முறை

திருமங்கலம் பக்கத்து நூற்பாலை ஒன்றுக்கு நான் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர், ஆறாவது வாரத்தில் இரவு ஷிஃப்டில் நின்றுவிட்டது. டிஸ்க் தெரியவில்லை என்று திரையில் வருவதாகப் போன் வந்தது. மறுநாள் போய் டிஸ்கை மாற்றினேன். பத்து நாளில் திரும்பவும் அதே கதை. இரண்டாவது டிஸ்கையும் மாற்றிய பிறகுதான், கழற்றியதைக் கடையில் வைத்து, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் படித்தேன். அதில் 199ஆம் எண் வரிசை, டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் போகும் வழியில் விழுந்த பிழைகளைச் சொல்லும். அது நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தது. டிஸ்கில் ஒரு குறையும் இல்லை. கோளாறு கேபிளில்.

மூன்றாம் முறை போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது, நெல்மணி அகலம்கூட இருக்காது. கேபிளின் எடை முழுவதையும் அந்தத் தலைதான் தாங்கியிருக்கிறது. தரை அதிர அதிரக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருக்கிறது. மில் எலக்ட்ரீசியன் பக்கத்தில் நின்றபடி சொன்னார்: "தம்பி, உங்க டேபிள் மேல வச்சுக் கட்டியிருக்கீங்க. இங்க டேபிளே ஆடும்."

ஆலைக்குப் போகும் கம்ப்யூட்டருக்கு ஒயர் கட்டக் கற்றுக்கொள்ளும் யாருக்கும் நான் முதலில் சொல்வது அந்த எலக்ட்ரீசியன் சொன்னதைத்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒயர் கண்ணாடி வழியே தெரியும், அதனால் அழகு பார்க்கிறோம். ஆலையில் மூடிய பெட்டியை யாரும் பார்க்கப் போவதில்லை. என்றைக்கோ ஒருநாள் நடு ராத்திரியில், லைன் நிற்கும்போது, கையில் எண்ணெயோடு ஒருவர் அதைத் திறப்பார். அதுவரை எதுவும் அசையக் கூடாது. அவர் திறக்கும்போது எது எங்கே போகிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

முதலில் இடத்தைப் போய்ப் பாருங்கள்

பாகம் வாங்கும் முன்பே ஆலைக்குப் போய்விடுங்கள். பழைய நூற்பாலையான ஹார்வி மில் காலம் தொட்டு மதுரைக்குப் பஞ்சும் இயந்திரமும் பழக்கம்தான், ஆனால் சுற்று வட்டாரத்தில் ஒவ்வோர் ஆலைக்கும் ஒவ்வொரு தொல்லை. நூற்பாலையில் பஞ்சுத் தூசி. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமிலும், சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் அது அதிகம். அரிசி ஆலையில் உமித் தூசியும் எலியும். மேலூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் இடத்தில் தண்ணீரில் கலந்த கல்மாவு காய்ந்து சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் பட்டறை என்றால் எண்ணெய்ப் புகையும் இரும்புத் தூளும். ரப்பர்த் தொழிற்சாலையில் கரித்தூள் பறக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் திறந்த பின்கள் மேல் படியவே விடக் கூடாது.

கம்ப்யூட்டர் வைக்கப்போகும் ஸ்டாண்டிலோ, பேனல் என்னும் இரும்பு அலமாரியிலோ உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நில்லுங்கள். எவ்வளவு அதிர்கிறது என்று கை சொல்லிவிடும். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் எங்கே இருக்கிறது, அதன் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பேனல் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கேபிள்கள் மேலிருந்து வருமா கீழிருந்து வருமா, இவற்றையும் எழுதுங்கள். சித்திரை, வைகாசியில் மதுரையில் வெளியிலேயே 40 டிகிரி அடிக்கும். தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பேனலுக்குள் இன்னும் கூடும். நீங்கள் வாங்கும் கேபிள் டை, பசை, டேப் எல்லாம் அந்தச் சூட்டில்தான் வருஷக்கணக்கில் கிடக்கப்போகின்றன.

ஒயரைக் கட்டும் முன் ஒயரைக் குறையுங்கள்

இல்லாத கேபிள் கழன்று விழாது. டிஸ்குக்கு, போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகை எஸ்எஸ்டி போட்டால் ஒரு டேட்டா கேபிளும் ஒரு பவர் கேபிளும் அப்படியே மிச்சம். அந்த எஸ்எஸ்டியைப் பிடிக்கும் சின்னத் திருகை மட்டும் மறந்துவிடாதீர்கள். போர்டிலேயே டிஸ்ப்ளே இருந்தால் தனி கார்டு வேண்டாம். முன்பக்க ஆடியோ ஒயரை ஆலையில் யாரும் பயன்படுத்தப் போவதில்லை, கழற்றிவிடுங்கள்.

நீளமும் முக்கியம். சாட்டா கேபிள் 1 மீட்டர் வரை போகலாம் என்பது விதி. நான்கு யூ (சுமார் 18 சென்டிமீட்டர்) உயரப் பெட்டிக்குள் 30 அல்லது 45 சென்டிமீட்டரே பெரும்பாலும் போதும். மிஞ்சிய நீளத்தைச் சுருட்டி ஓர் ஓரத்தில் திணித்தால், நூற்பாலையில் மூன்று மாதத்தில் அந்தச் சுருள் குருவிக்கூடு மாதிரி பஞ்சால் நிறைந்துவிடும். நானே கையால் பிய்த்து எடுத்திருக்கிறேன்.

நாலு பின் பிளக்கிலிருந்து சாட்டா பவராக மாற்றும் அடாப்டரில், பின்பக்கம் ஒயரோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் வகை ஒன்று உண்டு. அது வேண்டவே வேண்டாம். உள்ளே ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டுப் பல இடங்களில் எரிந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியிலிருந்து, நேராக வரும் சாட்டா பவர் தலையே போதும்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் வாங்கினால் தேவையானதை மட்டும் மாட்டிக்கொள்ளலாம், இடம் மிச்சம். ஆனால் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை இன்னொன்றில் மாட்டாதீர்கள். பிளக் பொருந்தினாலும் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க் அந்த நொடியே போய்விடும். பெட்டியோடு வந்த கேபிளில் எஸ்எம்பிஎஸ் பெயரை அன்றைக்கே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கட்டாமல் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

எல்லாவற்றையும் மாட்டுங்கள், எதையும் கட்டாதீர்கள். பிராசஸருக்குப் போகும் 8 பின் பவர் கேபிளுக்கு முதலில் வழி விடுங்கள். போர்டை இறுக்கிய பிறகு அந்த மூலைக்குக் கை போகாது. அப்புறம் 24 பின், அப்புறம் டிஸ்க், கடைசியாக ஃபேன் ஒயரும் முன்பக்க பட்டன் ஒயரும். பவர் ஒரு பக்கச் சுவரோரம், டேட்டா இன்னொரு பக்கம் என்று பிரித்துவிட்டால் பிறகு தேடும் வேலை பாதியாகும்.

முன் ஃபேனுக்கும் பிராசஸர் ஃபேனுக்கும் நடுவே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். அந்த வழியில் ஒயர் குறுக்கே வரக் கூடாது. மூடியை மூடும்போது ஏதாவது அழுந்துகிறதா என்றும் பாருங்கள். மூடியைத் தள்ளி மூட வேண்டியிருந்தால், ஏதோ ஒரு பிளக்கின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இடையில் ஒரு எச்சரிக்கை, வீட்டு ஒயரிங் வேலையிலிருந்து இங்கே வருபவர்களுக்கு. நீங்கள் சிவப்பு, மஞ்சள், நீலத்தைப் பேஸ் என்றும் கறுப்பை நியூட்ரல் என்றும் பழகியிருப்பீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒயரில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். பச்சை அங்கே எர்த் கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸை ஓட வைக்கும் சிக்னல் ஒயர். இப்போது எல்லா ஒயரையும் கறுப்பாகவே தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் நிறைய வருகின்றன. அதில் நிறத்தை நம்பவே முடியாது, மீட்டரை வைத்துப் பாருங்கள்.

பிளக் கழலாமல் பிடிக்க

ஆலைக் கம்ப்யூட்டரில் பாதிக் கோளாறு இந்த ஒரு விஷயத்தில்தான் என்பது என் அனுபவம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாட்டா கேபிள் வாங்கும்போது தலையில் இரும்புக் கொக்கி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். டவுன் ஹால் ரோடு பக்கம் கடையில் நின்று பார்த்தால் கொக்கி இல்லாதது சில ரூபாய் குறைவாக இருக்கும். அந்தச் சில ரூபாயை மிச்சப்படுத்தாதீர்கள். மாட்டும்போது 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகு கொக்கியை அமுக்காமல் லேசாக இழுத்துப் பாருங்கள். சில டிஸ்குகளில் கொக்கி பிடிக்க மேடு இருக்காது. அப்படியிருந்தால் கேபிளைக் கட்டும் இடத்தை இன்னும் பக்கத்தில் வையுங்கள்.

24 பின், 8 பின் பிளக்குகளில் பக்கவாட்டில் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அது மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கண்ணுக்கு உட்கார்ந்த மாதிரி தெரிந்து, அரை மில்லிமீட்டர் வெளியே நிற்பது உண்டு. இந்தப் பிளக்குகளை அடிக்கடி கழற்றி மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிடிப்பு ஒரு முப்பது தடவைக்கு உறுதி சொல்லித்தான் செய்யப்படுகிறது. பரிசோதனைக்கென்று பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பிளக் எடை தாங்கக் கூடாது. ஒவ்வொரு கேபிளையும் தலையிலிருந்து நாலைந்து சென்டிமீட்டரில் பெட்டியின் உடம்போடு ஓர் இடத்தில் கட்டிவிடுங்கள். அந்தக் கட்டுக்கும் தலைக்கும் நடுவே ஒயர் விறைப்பாக இல்லாமல் சின்ன வளைவோடு நிற்க வேண்டும். விறைப்பாக இருந்தால் பெட்டி அதிரும்போது ஒயரே பிளக்கைப் பிடுங்கும். மிகவும் தளர்ந்தால் ஒயர் ஊஞ்சலாடும், அதுவும் பிளக்கைத்தான் ஆட்டும். இந்த நடுப்பதம் இரண்டு மூன்று பெட்டி கட்டினால் கைக்கு வந்துவிடும்.

கட்டும் இடத்துக்கு ஒட்டும் சதுரத் துண்டுகள் கிடைக்கின்றன. சூட்டிலும் எண்ணெயிலும் அந்தப் பசை நிற்காது. தகட்டில் துளை போட்டுத் திருகி மாட்டும் வகையைத்தான் நான் போடுகிறேன். துளை போடுவதைப் போர்டு உள்ளே வரும் முன்பே முடித்து, இரும்புத் தூளைச் சுத்தமாக ஊதித் துடைத்துவிட வேண்டும்.

கொக்கியே இல்லாத பிளக்குகளுக்கு, உதாரணமாக ஃபேன் ஒயர், பட்டன் ஒயர், போர்டில் செருகும் யூஎஸ்பி தலை, ஒரு சொட்டு சிலிக்கான் வைக்கலாம். ஆனால் கடையில் கிடைக்கும் எல்லா சிலிக்கானும் ஆகாது. திறந்ததும் வினிகர் மாதிரி புளித்த வாசனை அடித்தால் வாங்காதீர்கள். காயும்போது அது விடும் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். பிளக்கும் சாக்கெட்டும் சேரும் ஓரத்தில் வெளியே ஒரு சொட்டு போதும். பின்னுக்குள் போகக் கூடாது, பிறகு கத்தி நுனியால் கீறி எடுக்கவும் வர வேண்டும்.

கட்டு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை தொடுக்கும் அம்மாக்களின் கையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வாழைநார் காம்பைப் பிடிக்கிறது, நசுக்குவதில்லை. நசுக்கினால் பூ சாயங்காலத்துக்குள் வாடிவிடும். தளர்ந்தால் உருவிக் கொட்டிவிடும். கேபிள் டையை அந்த அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். கட்டிய பிறகு கற்றையை விரலால் சுழற்றினால் கஷ்டப்பட்டுச் சுழல வேண்டும், ஒயரின் மேல்தோலில் பள்ளம் விழக் கூடாது. நெட்வொர்க் கேபிளில் இது இன்னும் முக்கியம். உள்ளே முறுக்கிய ஜோடிகள் நசுங்கினால் இணைப்பு இருக்கும், தகவல் விட்டு விட்டு வரும்.

இதைச் சொல்லும்போது சிலர் சிரிப்பார்கள், ஆனால் நூலால் ஒயர் கட்டுவது பூ தொடுப்பதற்குத் தூரத்து வேலை இல்லை. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் மெழுகு நூலால்தான் கற்றைகளைக் கட்டினார்கள். நாசா விண்கலங்களில் இன்றும் அப்படி முடிச்சுப் போட்டுக் கட்டுகிறார்கள். கூர்முனை கிடையாது, எடை கிடையாது, ஒயரை வெட்டாது. என் தங்கைக்குப் பூ தொடுக்க வரும். அவளிடம் நூலைக் கொடுத்து முடிச்சுப் பழகினேன். மிக அதிர்வான இடங்களுக்கு நூல்தான் போடுகிறேன்.

மற்ற இடங்களுக்கு நைலான் கேபிள் டை சரி. பெட்டிக்குள் 2.5 மில்லிமீட்டர் அகலம் போதும். வெளியே தடித்த கற்றைக்கு 4.8. நல்ல நைலான் 85 டிகிரி வரை தாங்கும். மலிவான வெள்ளை டை ஒரு கோடையிலேயே காய்ந்து, தொட்டால் ஒடியும். வெயில் படும் இடமென்றால் கறுப்பு வாங்குங்கள். மிஞ்சிய வாலைத் தட்டைக் கட்டரால் தலையோடு ஒட்ட வெட்டுங்கள். சாய்வாக வெட்டிய வால் பிளேடு மாதிரி நிற்கும், அடுத்து கையை விடுபவரின் மணிக்கட்டைக் கிழிக்கும். வெல்க்ரோ பட்டை எனக்கு அலுவலக வேலைக்குப் பிடிக்கும். நூற்பாலையில் வேண்டாம், அதன் கொக்கிகள் பஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்சுலேஷன் டேப்பும் கற்றை கட்ட ஆகாது. சூட்டில் பசை கசிந்து தூசி ஒட்டிக் கறுப்புக் களிம்பாகிவிடும்.

தகட்டு ஓட்டை வழியே ஒயர் போனால் ரப்பர் வளையம் கட்டாயம். க்ரோமெட் என்று கேட்டால் தருவார்கள். அதிரும் தகட்டு ஓரம் ரம்பம் மாதிரி வேலை செய்யும்.

பெட்டிக்கு வெளியே

உள்ளே எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், வெளியே வரும் ஒயரில் யாராவது கால் தடுக்கினால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு கேபிளும் பேனலுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைச் சுற்றிப் பிடிக்கும் கிளாண்ட் போட்டு இறுக்குங்கள். இழுத்தால் அந்த இழுவை கிளாண்டோடு நிற்க வேண்டும். முடிந்தவரை கீழிருந்து நுழையுங்கள். மேலிருந்துதான் வர வேண்டுமென்றால், நுழையும் துளைக்குக் கீழே வரை தொட்டில் மாதிரி தொங்கவிட்டு மேலேற்றுங்கள். ஒயர் வழியே இறங்கும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயர்தான் பெரிய எதிரி. அதன் பக்கத்தில் யூஎஸ்பி கேபிளை ஓட்டினால் பார்கோடு ஸ்கேனர் மோட்டார் ஓடும்போதெல்லாம் காணாமல் போகும். ஓர் அடியாவது தள்ளி ஓட்டுங்கள். கடந்தே ஆக வேண்டுமென்றால் நேர் குறுக்காக, கூட்டல் குறி மாதிரி கடக்கவும். ஒரே ட்ரேயில் இரண்டையும் சேர்த்துப் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நீளத்துக்கும் கணக்கு உண்டு. யூஎஸ்பி 2 என்றால் 5 மீட்டர். பழைய சீரியல் இணைப்பான ஆர்எஸ்-232 சுமார் 15 மீட்டர். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர். தூரத்து மிஷின்களை இணைக்கும் ஆர்எஸ்-485 வேகம் குறைவாக வைத்தால் 1,200 மீட்டர் வரை போகும். அதில் இரண்டு முனையிலும் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர், நடுவில் கூடாது. அதன் இரண்டு ஒயர்களுக்கு இடும் ஏ, பி என்ற பெயரைக் கம்பெனிகள் மாற்றி மாற்றிப் போடுகின்றன. பேசவில்லையென்றால் முதலில் அந்த இரண்டு ஒயரையும் மாற்றிப் பாருங்கள். ஆர்எஸ்-232க்கு வரும் ஒன்பது பின் பிளக்கின் இரண்டு பக்கத் திருகையும் கையால் முடுக்கிவிடுங்கள்.

நெட்வொர்க் கேபிளை வளைக்கும் அளவுக்கு டீக்கடைக் கண்ணாடி கிளாஸை நினைத்துக்கொள்ளுங்கள். கிளாஸைச் சுற்றி வரும் வளைவு சரி, அதைவிட ஒடுக்கமாக மடிக்க வேண்டாம்.

திருகும் டெர்மினலில் ஒயர் நுனியை ஈயம் பற்றவைத்துச் செருகும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நகர்ந்து பிடி தளரும். பற்றவைக்காமல், ஃபெரூல் என்னும் சின்ன உலோகக் குழாயை நுனியில் போட்டு அழுத்திக் கிரிம்ப் பண்ணுங்கள். கம்ப்யூட்டர் பெட்டிக்கும் பேனலுக்கும் நடுவே பச்சை எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில், நட்சத்திர வாஷரோடு இறுக்குங்கள்.

மிஞ்சிய ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். சுண்டுவிரல் நுழையும் இடத்தில் சுண்டெலி நுழைந்துவிடும். கார்டு இல்லாத ஸ்லாட்டுக்கெல்லாம் மூடித் தகடு போடுங்கள்.

பெயர் எழுதுவது

ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் ஒரே பெயர். 'கேமரா 2', 'எடை மிஷின்' என்று ஆலையில் அழைக்கும் பெயரையே தமிழில் எழுதுங்கள். கம்ப்யூட்டர் வைக்கும் போர்ட் பெயரை 'காம் 3' என்று எழுதினால் நைட் ஷிஃப்டில் இருப்பவருக்கு அது எதுவும் சொல்லாது. காகித ஸ்டிக்கர் எண்ணெயில் கரையும். சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும், எழுத்து அச்சிட்ட ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் நல்லது. அது இல்லையென்றால் எழுதிய ஸ்டிக்கர் மேல் நிறமில்லாத ஸ்லீவை ஏற்றிச் சுருக்கிவிடுங்கள்.

அனுப்பும் முன்

மூடியைத் திறந்து வைத்து ஓட விடுங்கள். டிஸ்கில் பெரிய கோப்புகளை நகலெடுத்தபடியே, ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் பெட்டியின் பக்கத் தகட்டைத் தட்டுங்கள். ஒவ்வொரு கற்றையையும் மரப் பென்சிலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். பிறகு ஸ்மார்ட் கணக்கில் 199ஆம் எண்ணைப் பாருங்கள். பழைய டிஸ்கில் அந்த எண் ஏற்கெனவே ஏறியிருக்கலாம், அது குறையாது. தட்டிய பிறகு கூடியதா என்பதுதான் கேள்வி. சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் தட்டும் வேலையை அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியோடு செய்யுங்கள்.

எல்லாம் சரியென்றால் அணைத்து, பவர் ஒயரைப் பிடுங்கி, பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். திருகு உருளும் சத்தம் கேட்டால் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள். ஓர் இரவு முழுக்க ஓடட்டும். மூடியைப் போட்ட நிலையில்தான், ஏனென்றால் சூடு அப்போதுதான் உண்மையாக இருக்கும்.

மூடும் முன் உள்ளே இருப்பதை மேலிருந்து நேராக ஒரு போட்டோ எடுத்து அச்சிட்டுப் பேனல் கதவின் உட்புறம் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். கூடவே கொக்கி உள்ள சாட்டா கேபிள் ஒன்று, நாலு கேபிள் டை, பெட்டித் திருகுகள் இரண்டு. அந்த நூற்பாலையில் இரண்டு வருஷம் கழித்து ஒருமுறை அந்த உதிரிக் கேபிள் தேவைப்பட்டது. எலக்ட்ரீசியன் எனக்குப் போன்கூடச் செய்யாமல் போட்டோவைப் பார்த்து அவரே மாற்றிவிட்டார். அவர் எடுத்த இடத்தில் மறுநாள் புதிதாக ஒன்றை வைத்துவிட்டு வந்தேன். அதையும் உறைக்குள் போட்டு, இரண்டு இடத்தில் கட்டித்தான் வைத்தேன்.